கைக்கு அடங்கும் டயர்



லேத்தில் கடைந்த ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் போகவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? முதலாம் ஆண்டில் சுத்தியலைத் தேடுவோம். இரண்டாம் ஆண்டில் மைக்ரோமீட்டரைத் தேடுவோம். இந்த ஒரு வருட வித்தியாசத்துக்குப் பெயர்தான் படிப்பு. ஆனால் படித்த பிறகும், விடுதிக்குத் திரும்பியதும் மறுபடி சுத்தியலைத் தேடியவர்கள் நாங்கள். அந்தக் கதையோடு பாடத்தைத் தொடங்குகிறேன்.

எங்கள் அறை நண்பன் ஒருவன், லீவு நாட்களில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய ரோடு பைக் ஒன்று வாங்கினான். ரிம் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம்தான். ஆனால் உள்ளே ட்யூப் போட்டு ஓட்டியிருந்தார்கள். இவனுக்கு ட்யூப்லெஸ் மாட்ட ஆசை. இரண்டு டயர் வரவழைத்தான். விலையைக் கேட்டால் மாத மெஸ் பில் நினைவுக்கு வரும். ஞாயிறு காலை ஆரம்பித்தோம். முக்கால் சுற்று சுகமாக ஏறியது. கடைசி ஒரு சாண் மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. மூன்று பேர், ஆறு கட்டைவிரல், இரண்டு பிளாஸ்டிக் லீவர். லீவர் இரண்டும் ஒடிந்தன. "இருடா, ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வரேன்" என்று ஒருத்தன் ஓடினான். டயர் ஏறியது. கூடவே ரிம் டேப் கிழிந்தது, டயரின் ஓரமும் வெட்டுப்பட்டது. காற்று அடித்தால் ஸ்போக் துளை வழியாகப் புஸ்ஸென்று வெளியே போனது.

மறுநாள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் சாரிடம் போய் நின்றோம்.

"டயர் ரொம்ப டைட்டு சார். மோசமான டயர்."

"டைட்டா? எதோட சேர்த்துப் பார்த்து டைட்டு?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"ஷாஃப்ட்டை மட்டும் அளந்துட்டு ஃபிட் சொல்லுவீங்களாடா? ஹோலையும் அளக்கணும்ல?"

இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான். டயர் தனியாக இறுக்கமாகவும் இருக்காது, தனியாகத் தளர்வாகவும் இருக்காது. டயரும் ரிம்மும் சேர்ந்த ஜோடிதான் எளிதாக ஏறும், அல்லது ஏறாது.

உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம்

டயரின் இரு ஓரங்களிலும் வளையமாக ஓடும் கெட்டியான பகுதிக்குப் பீடு என்று பெயர். நம் ஊர் சைக்கிள் டயரில் இது இரும்புக் கம்பி. மடித்து வைக்கக்கூடிய ரோடு பைக் டயரில் அராமிட் போன்ற நார். இரண்டுமே இழுத்தால் நீளாதவை. நீளவும் கூடாது.

ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். இரு பக்கமும் சுவர். சுவரை ஒட்டி உள்ளே, பீடு உட்காரும் தளம். இரண்டு தளங்களுக்கும் நடுவே ஒரு பள்ளம். இந்த நடுப்பள்ளம் எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ட்யூப் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது ட்யூப். ட்யூப்லெஸ்ஸில் பீடும் தளமும் ஒட்டி உட்கார்ந்து, அவையே காற்றை அடைக்க வேண்டும். அதனால்தான் ட்யூப்லெஸ் டயரின் பீடு அளவு நெருக்கமாக இருக்கிறது. இறுக்கம் என்பது தயாரித்தவரின் கஞ்சத்தனம் அல்ல, வேலையின் தேவை.

ஒரு சின்னக் கணக்கு

ரோடு பைக்கின் 700சி ரிம்மில் பீடு உட்காரும் விட்டம் 622 மி.மீ. அதன் சுற்றளவு 622 × 3.1416 = 1954 மி.மீ. சுவரின் உயரம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சுவர் உச்சியின் விட்டம் 634 மி.மீ. சுற்றளவு 1992 மி.மீ. அதாவது நீளாத 1954 மி.மீ. வளையம், 1992 மி.மீ. சுவரைத் தாண்ட வேண்டும். 38 மி.மீ. குறைகிறது! எப்படித் தாண்டும்?

இங்கேதான் நடுப்பள்ளம் உதவுகிறது. பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. என்று கொள்வோம். அங்கே விட்டம் 614, சுற்றளவு 1929 மி.மீ. பீடு பள்ளத்தில் இறங்கிக் கிடந்தால் 1954 − 1929 = 25 மி.மீ. தளர்ச்சி மிச்சமாகிறது. மிச்சமான தளர்ச்சியை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்து கடைசி ஒரு சாணுக்குக் கொடுத்தால், அந்தப் பகுதி சுவரைத் தாண்டிவிடும். முழு வளையமும் ஒரே நேரத்தில் தாண்ட வேண்டியதில்லை அல்லவா? அதனால் 38 மி.மீ. முழுவதும் தேவையில்லை. ஆனால் பாதிச் சுற்றளவுதான் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது என்றால் தளர்ச்சியும் பாதிதான் கிடைக்கும். அப்போது கட்டைவிரல் கொப்பளித்தாலும் ஏறாது.

இனி டேப்புக்கு வருவோம். பள்ளத்தில் ஒட்டும் டேப்பின் கனம் எவ்வளவோ, அதைப் போல 6.28 மடங்கு தளர்ச்சி போய்விடும். 0.1 மி.மீ. டேப் இரண்டு சுற்று என்றால் 0.2 × 6.28 = 1.26 மி.மீ. பரவாயில்லை. 0.8 மி.மீ. துணி டேப் என்றால்? 5 மி.மீ. போயே போச்சு!

எங்கள் சக்கரத்தில் நடந்தது அதுதான். ட்யூப் காலத்துத் துணி டேப்பைக் கழற்றாமல், அதன் மேலேயே ட்யூப்லெஸ் டேப்பை ஒட்டியிருந்தோம். பள்ளத்தை நாங்களே தூர்த்துவிட்டு, டயர் மேல் பழி போட்டோம்.

தரக்கட்டுப்பாடு வந்த கதை

ரோடு பைக்குக்கு ட்யூப்லெஸ் புதிய வரவுதான். ஹட்சின்சனும் ஷிமானோவும் 2006-ல் இதைக் கொண்டுவந்தன. அதன் பிறகு பல வருடங்கள், ஒருவர் ரிம்முக்கும் இன்னொருவர் டயருக்கும் சரியான பொருத்தம் இல்லை. மலைப் பாதை சைக்கிளுக்கு 1999-ல் யூ.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்த பிரெஞ்சு நிறுவனம் மாவிக், 2017-ல் அதை ரோடு பைக்குக்கும் கொண்டுவந்தது. ரிம், டயர் இரண்டின் அளவையும் சேர்த்தே கட்டுப்படுத்தி, கையாலேயே மாட்டும்படி செய்வது அதன் நோக்கம். ஹோலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து டாலரன்ஸ் கொடுப்பது என்று நாம் மெட்ராலஜியில் படிப்பது இதைத்தான். இன்று ஈ.டி.ஆர்.டி.ஓ. என்னும் ஐரோப்பிய அமைப்பின் அளவுகளைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. முதலில் 622 என்ற எண். டயர் பக்கவாட்டில் 28-622 என்று இருந்தால் அகலம் 28, பீடு விட்டம் 622 மி.மீ. அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். நம் தாத்தா ஓட்டிய 28 அங்குல சைக்கிளின் டயர் 635. ரோடு பைக் டயரிலும் சில சமயம் 28 அங்குலம் என்றே அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்று, விட்டம் வேறு. 13 மி.மீ. வித்தியாசத்தை எந்த லீவரும் சரிக்கட்டாது.

2. டயரில் ட்யூப்லெஸ் ரெடி என்ற குறி வேண்டும். சாதா ட்யூப் டயர் எளிதாக ஏறுகிறதே என்று அதை ட்யூப் இல்லாமல் ஓட்டக் கூடாது. காற்றழுத்தத்தில் பீடு விரிந்து, ஓட்டத்திலேயே கழன்று வரலாம்.

3. பழைய இருப்பைவிடப் புதிய தலைமுறை டயர் நல்லது. உதாரணம்: கான்டினென்டல் கிராண்ட் பிரி 5000 டி.எல். 2018-ல் வந்தது. அதை மாட்டுவது சிரமம் என்று பலர் சொன்னார்கள். 2021-ல் எஸ் டி.ஆர். என்ற மாற்று வந்தது. மாட்ட எளிது, கொக்கியில்லா ரிம்முக்கும் ஏற்றது. ஷ்வால்பே தன் டயருக்கு ட்யூப்லெஸ் ஈஸி என்றே பெயர் வைத்திருக்கிறது. கடையில் தள்ளுபடி என்று பழசைத் தள்ளிவிடப் பார்த்தால், பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் படியுங்கள்.

4. ஃப்ரேமும் பிரேக்கும் இடம் கொடுத்தால் 25-க்குப் பதில் 28 அல்லது 30 மி.மீ. எடுங்கள். அகலமான டயரில் பிடித்து அழுத்தக் கைக்கு இடம் கிடைக்கும். குறைந்த காற்றழுத்தமும் போதும்.

5. உங்கள் ரிம் கொக்கி உள்ளதா, கொக்கியில்லாததா என்று பாருங்கள். கொக்கியில்லா ரிம்மில் அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட டயர்தான் போட வேண்டும். அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. டயரில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் எல்லை.

6. "இந்த டயர் ஈஸியா?" என்று கேட்காதீர்கள். "இந்த ரிம்முல இந்த டயர் ஈஸியா?" என்று கேளுங்கள். அதே ஜோடியை மாட்டிய ஒருவரின் சொல், பத்து விளம்பரத்துக்குச் சமம்.

எளிது வேறு, தொளதொளப்பு வேறு

கையை வைத்ததும் விழுந்து ஏறும் டயரைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பீடு தளர்வாக இருந்தால் கை பம்ப்பில் அடிக்கும் காற்று ஓரத்திலேயே கசிந்து போகும், டயர் தளத்தில் உட்காராது. உட்கார்ந்தாலும், பஞ்சரில் காற்று இறங்கும்போது பீடு பள்ளத்தில் நழுவி விழலாம். வேகமாக இறக்கத்தில் வரும்போது இது நடந்தால் விழுவது டயர் மட்டுமல்ல, நாமும்தான். ஆகவே நல்ல ஜோடி என்பது, கட்டைவிரலுக்கு வேலை கொடுத்து, லீவருக்கு வேலை கொடுக்காமல் ஏறுவது. பிறகு தரையில் வைத்து அடிக்கும் சாதாரணப் பம்ப்பிலேயே டப், டப் என்ற சத்தத்தோடு உட்காருவது. கிளியரன்ஸும் இல்லாமல், இன்டர்ஃபியரன்ஸும் அதிகமில்லாமல், நடுவில் நிற்கும் ஃபிட்.

மாட்டும் முறை

பழைய டேப்பை முழுவதும் உரித்து, பிசினைத் துடைத்து, ரிம்முக்கு ஏற்ற அகலத்தில் மெல்லிய ட்யூப்லெஸ் டேப் ஒட்டவும். புது டயரை முதலில் விரித்து, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் மடிப்பு இளகும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு அருகே முடிக்கவும். வால்வு பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால், அங்கே தொடங்கினால் பீடு இறங்காது. ஏற்றிக்கொண்டே இரு கையாலும் பீட்டைப் பள்ளத்துக்குள் பிதுக்கிக்கொண்டே வரவும். கடைசிச் சாணுக்குச் சோப்புத் தண்ணி தடவவும். உட்கார மறுத்தால் வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் போகும். பிறகு சீலன்ட் ஊற்றலாம். வெயில் ஊரில் அது சீக்கிரம் காயும், சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மாட்டியதோடு விடாதீர்கள். வீட்டிலேயே ஒருமுறை கழற்றியும் பாருங்கள். சீலன்ட் அடைக்க முடியாத பெரிய வெட்டு விழுந்தால், வழியில் டயரைத் திறந்து ட்யூப் போட்டுத்தான் ஊர் வந்து சேர வேண்டும். அறையில் மூன்று பேர் சேர்ந்து கழற்ற முடியாத டயரை, மழையில், இருட்டில், தனி ஆளாகக் கழற்ற முடியுமா? எளிதாக மாட்டும் டயரைத் தேடுவது சோம்பலால் அல்ல. வீடு திரும்புவதற்காக.

எங்கள் கதையின் முடிவு? துணி டேப்பை உரித்தோம். புது டேப் ஒட்டினோம். இரண்டாவது டயர் வெறும் கையாலேயே ஏறியது. அதே கம்பெனி, அதே அளவு, அதே "மோசமான" டயர்! வெட்டுப்பட்ட முதல் டயரைப் போட்டு ஓட்டக் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நண்பன் சேர்த்த பணத்தில் பாதி குப்பைக்குப் போனது. அந்த டயர் இன்றும் எங்கள் அறைச் சுவரில், ஒடிந்த லீவரோடு தொங்குகிறது. கீழே நண்பனே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான்:

"அளந்து பார், அப்புறம் அழுத்து."

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்