பத்துப் பொருள்களுடன் வனவாசம்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஹிஸ்டரி தொலைக்காட்சியில் ‘அலோன்’ என்னும் போட்டி ஆரம்பமாயிற்று. பத்துப் பேரை, ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரியாதபடி, மனித சஞ்சாரமற்ற வனத்தில் தனித்தனியே இறக்கிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் வெளிவருகிறவருக்கு 5,00,000 டாலர் பரிசளிப்பது அதன் ஏற்பாடு. படம்பிடிக்கவும் ஆள் கிடையாது; போட்டியாளரே காமிராவை நிறுத்தித் தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்ள வேண்டும். குளிர் தாங்கும் உடை, கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான், முதலுதவிப் பெட்டி, ‘போதும், அழைத்துச் செல்லுங்கள்’ என்று சொல்வதற்கு ஒரு ஸாட்டிலைட் தொலைபேசி ஆகியவை எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும். அவை நீங்கலாக, சுமார் 40 சாமான்கள் கொண்ட ஒரு ஜாபிதாவிலிருந்து பத்தே பத்தைத் தேர்ந்துகொள்ளலாம். துப்பாக்கியும் தீப்பெட்டியும் அந்த ஜாபிதாவில் இல்லை. அந்தப் பத்தைத் தேர்வது எப்படி என்பதை, நாளைக்கே புறப்படப் போகிறவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கலாம்.

சாமான்களைப் பற்றி எண்ணுவதற்கு முன்பு நிலத்தையும் பருவத்தையும் பற்றி எண்ணுவதே முதற்படி. இந்தப் போட்டி கனடாவின் வான்கூவர் தீவிலே தொடங்கி, படகோனியா, மங்கோலியா, லாப்ரடார், தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலம் என்று பல பிரதேசங்களில் நடந்திருக்கிறது. வான்கூவர் தீவில் குளிரைவிட ஓயாத மழையே பெரிய சத்துரு. ஆனால் கடல் வற்றும் வேளையில் பாறையில் ஒட்டிய சிப்பிகள் கைக்கு எட்டும். கரூவிலோ வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும். ஒரே மூட்டையை இரண்டு இடத்துக்கும் கட்டுகிறவர் இரண்டு இடத்திலும் தவிப்பார். போட்டியின் ஆறாம், ஏழாம் பருவங்கள் நடந்த கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையை இங்கே நமக்கு நிலமாக வைத்துக்கொள்வோம். 614 மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரி வட அமெரிக்காவிலேயே மிக ஆழமானது. இலையுதிர் காலத்தில் அதன் கரையில் இறங்குகிறவர், சில வாரங்களுக்குள் கரையோர நீர் உறைவதையும், டிசம்பரில் பகற்பொழுது ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகச் சுருங்குவதையும், சுவாசமே மீசையில் பனியாகப் படிவதையும் காண்பார்.

இரண்டாம் படி, ஜாபிதாவிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்துவைத்து, ‘இதைக் காடு எனக்குத் தருமா?’ என்று கேட்பது. கரண்டியையும் கிண்ணத்தையும் மரத்தில் குடைந்துகொள்ளலாம். சீப்பும் சோப்பும் துவாலையும் இல்லாமல் மனிதன் நெடுங்காலம் உயிர் வாழ்ந்திருக்கிறான். தொங்கு படுக்கை பனிப் பிரதேசத்தில் முதுகுக்கடியில் குளிர்காற்று புக வழி செய்வதன்றி வேறு பிரயோஜனம் தராது. தார்ப்பாயையும் விட்டுவிடலாம், படக்கருவிகள் நனையாமலிருக்கக் கொடுக்கும் தார்ப்பாயே கூரைக்கும் உதவியிருக்கிறது. இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால், காட்டினால் செய்துதர இயலாத சில வஸ்துக்களே மிஞ்சும்: உருக்கு, கம்பி, உறுதியான நூல், நெருப்பின் பொறி, குளிரைத் தடுக்கும் மெத்தென்ற கனம். தேர்வு பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும்.

நெருப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஃபெர்ரோ ராட் எனப்படும் தீப்பொறிக் கோல், இரும்பையும் ஸீரியத்தையும் கலந்து ஆஸ்திரிய ரசாயன நிபுணர் கார்ல் ஆயர் வான் வெல்ஸ்பாக் 1903இல் கண்டுபிடித்த உலோகத்தால் ஆனது. நீரில் நனைந்தாலும் துடைத்துச் சுரண்டினால் பொறி பறக்கும். கட்டைவிரல் பருமனுள்ளதாக, கைப்பிடியில் துளையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிரயோகிக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு: கத்தியின் முதுகைப் பஞ்சின்மேல் அசையாமல் நிறுத்திக்கொண்டு கோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், கத்தியை முன்னே தள்ளினால் பொறி விழும் முன்பே பஞ்சு சிதறிப் போகும். அந்தக் காட்டில் பஞ்சாக உதவும் பொருளுக்குக் குறைவில்லை. காஷ்மீரத்துப் பண்டிதர்கள் சுவடி எழுதிய பூர்ஜபத்திரத்தின் இனமான பிர்ச் மரத்தின் பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால், ஈரமாக இருக்கும்போதே அது பற்றிக்கொள்ளும். கோலின் நிறம் கறுப்பு. காட்டுத் தரையில் விழுந்தால் கண்ணுக்குப் புலப்படாது. போட்டியின் முதற்பருவத்திலேயே ஒருவர் இதைத் தொலைத்துவிட்டுச் சில நாட்களுக்குள் வீடு திரும்ப நேர்ந்தது. ஆகையால் பளிச்சென்ற நிறமுள்ள கயிற்றைத் துளையில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக் என்னும் படுக்கைப் பை. வாத்தின் மென்தூவல் அடைத்த பை இலேசானது, கதகதப்பானது; ஆனால் நனைந்தால் கட்டிபட்டுப் பயனற்றுப் போகும். இரண்டு மாதம் தொடர்ந்து உறங்கும்போது, மழை படாவிட்டாலும் சரீரத்திலிருந்து எழும் ஆவியே உள்ளே புகுந்து உறைந்து தங்கிவிடுவதால், செயற்கை இழை அடைத்த கனமான பையே இங்கே உசிதம் என்பது என் தீர்மானம். பையின்மேல் மூன்று வெப்ப அளவுகள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் மிகத் தாழ்ந்தது, ஒருவர் உயிரோடு விடியலைக் காணக்கூடும் என்பதற்கான அளவேயன்றி, உறங்கக்கூடும் என்பதற்கான அளவன்று. சுகமாக உறங்குவதற்கான அளவு எதுவோ அதைப் பார்த்தே வாங்க வேண்டும். கீழே விரிக்கும் மெத்தைக்காக ஓர் இடத்தைச் செலவிட வேண்டாம். ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை, அமுங்கிய பின்னும் ஒரு சாண் கனம் நிற்கும்படி அடுக்கினால் போதும்.

பாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விதிகள் அனுமதிக்கும் பெரிய அளவான இரண்டு குவார்ட், அதாவது ஏறத்தாழ 1.9 லிட்டர் கொள்ளும், மூடியும் தொங்கு கைப்பிடியும் உள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. தெளிந்த ஏரி நீரிலும் வயிற்றைக் கலக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், நன்றாகக் கொதித்துக் குமிழியிட்டபின் ஒரு நிமிஷம் கழித்தே இறக்க வேண்டும். வறுக்கும் சட்டியைக் கொண்டுபோக ஆசைப்படுவோர் உண்டு. கொழுப்பு சட்டியில் கருகி வீணாகிற ஆகாரத்தைவிட, அந்தக் கொழுப்பு ரசத்தோடு குடிக்கக் கிடைக்கிற வேகவைத்த ஆகாரமே அங்கே மேலானது.

இனி, விவாதம் மிகுந்த இடத்துக்கு வருகிறோம். வனவாசம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் ஆயுதம் பெரிய வேட்டைக்கத்தி. ஆனால் அனுபவசாலிகள் பலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, குறடும் சிறு கத்தியும் ஒன்றாக மடங்கும் மல்டிடூலை எடுத்துச் செல்கிறார்கள். கம்பியை வெட்டவும் முறுக்கவும், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கவும், மீனின் தொண்டையில் இறங்கிய தூண்டில் முள்ளை மீட்கவும் குறடு வேண்டும்; வேட்டைக்கத்தியால் இவற்றில் ஒன்றையும் சரிவரச் செய்ய முடியாது. குடில் அமைக்கவும் விறகு தறிக்கவும் ரம்பமா கோடரியா என்று கேட்டால், ஒன்றுதான் என்னும் நிலையில் ரம்பத்தையே சொல்வேன். அளவான விறகைத் துண்டாக்க ரம்பத்துக்கு ஆகும் உழைப்பு குறைவு. பசியால் கை நடுங்கும் காலத்திலும் அது தடம் மாறிக் காலில் பாயாது. இரண்டாம் பருவத்தில் ஒரு பெண்மணி கோடரியால் கையின் தசைநார் அறுபட்டுச் சிகிச்சைக்காக வெளியேற நேர்ந்ததை நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் கடும்பனி விழும் நிலத்தில், வெளியே ஈரமும் உள்ளே உலர்வுமாய் நிற்கும் பட்ட மரத்தைப் பிளக்கவும், உறைந்த ஏரியில் துளையிடவும் கோடரிக்கு ஈடில்லை. ஆதலால் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கு இரண்டையும் கொள்ளலாம். வான்கூவர் தீவுக்கென்றால் ரம்பம் மட்டும் போதும். கடுங்குளிரில் உருக்கு நொறுங்கும் தன்மை அடைவதால், வெட்டத் தொடங்குமுன் கோடரியின் வாயை அக்குளில் வைத்தோ தீயருகே காட்டியோ சற்றே சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகாரம் தேடும் சாதனங்களில், உறங்கும்போதும் நமக்காக உழைப்பவற்றுக்கே முதலிடம். கண்ணிக் கம்பி அத்தகையது. அங்குள்ள பனி முயல் தன் தடத்தை விட்டு விலகாமல் ஓடும் சுபாவமுடையது. அத்தடத்தில், முஷ்டி நுழையும் அளவுக்கு, அதாவது சுமார் 10 செண்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சுருக்குப் போட்டு, அதன் அடி தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கும்படி பக்கத்து மரத்தில் கட்டி, இரு பக்கமும் சுள்ளி ஊன்றி வழியைக் குறுக்கிவிட வேண்டும். ஒன்றிரண்டு வைத்துவிட்டுக் காத்திருப்பது வீண். கம்பி தீருமட்டும் வையுங்கள். தூண்டிலுக்குத் தங்கூசியும் முள்ளும் தருவார்கள். பெரும்பாலும் சிறிய, நடுத்தர முட்களையே கேளுங்கள். சிறு முள்ளில் பெரிய மீன் சிக்குவதுண்டு, பெரிய முள்ளில் சிறு மீன் சிக்குவதில்லை. அவ்வேரியில் வாழும் பைக் என்னும் மீனின் பற்கள் தங்கூசியை அறுத்துவிடும் ஆகையால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளம் கண்ணிக் கம்பியைக் கோத்துக்கொள்வது உத்தமம். பாராசூட் கயிற்றின் உறைக்குள்ளே ஏழு இழைகள் இருக்கின்றன. 10 மீட்டர் கயிற்றைப் பிரித்தால் 70 மீட்டர் இழை கிடைக்கும். மாலை நேரங்களில் அதைக் கொண்டே செவுள் வலை பின்னலாம் என்பதால், ஜாபிதாவிலுள்ள சிறிய வலைக்குப் பதிலாகக் கயிற்றை எடுப்பவர்கள் உண்டு. வலை கட்டுவது சில இடங்களில் சட்டத்துக்கு விரோதம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வில்லைப் பற்றி எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. அதை ஏந்திச் சென்றவர்களில் பலர் ஓர் அணிலோடு திரும்பியவர்களே. ஆனால் ஆறாம் பருவத்தில் ஜார்டன் ஜோனஸ் அம்பெய்து மூஸ் என்னும் பெரிய மானை வீழ்த்தி 77 நாட்கள் நின்று வென்றதும், ஏழாம் பருவத்தில் ரோலண்ட் வெல்கர் கஸ்தூரி எருதை வீழ்த்தி 100 நாட்கள் நின்று, அவ்வளவு நாள் நிற்பவருக்கென அப்பருவத்தில் வைத்த 10,00,000 டாலர் பெற்றதும் இதே ஏரிக்கரையில்தான். முயலும் மெலிந்த மீனும் வயிற்றை நிரப்பும், உடலைக் காக்கா. கொழுப்பில்லாத மாமிசத்தை மட்டுமே உண்பவன் நிறையத் தின்றும் நலிந்து போவதை வடதுருவ ஆராய்ச்சியாளர் வில்ஹ்யால்முர் ஸ்டெஃபான்ஸன் விவரித்திருக்கிறார். முயற்பட்டினி என்று அதற்கு அங்கே பெயர். பெரிய மிருகத்தின் கொழுப்பு அந்த நோய்க்கு மருந்து. ஆகவே மூஸும் கஸ்தூரி எருதும் நடமாடும் நிலத்துக்கு வில் அவசியம். அவை இல்லாத வான்கூவர் தீவுக்கு அது வெறும் அலங்காரம். வில் வாங்கும்போது, புஷ்டியாக இருக்கும் இன்றைக்கு இழுக்க முடிகிற பாரத்தை அல்ல, நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகும் இழுக்க முடிகிற பாரத்தைப் பாருங்கள். வேட்டையோடு வேலை முடிவதுமில்லை. ஜோனஸ் சேமித்து வைத்த கொழுப்பை வுல்வரின் என்னும் திருட்டுப் பிராணி கவர்ந்து சென்றது.

இதுவரை ஒன்பது ஆயின: தீப்பொறிக் கோல், படுக்கைப் பை, பாத்திரம், மல்டிடூல், ரம்பம், கோடரி, கண்ணிக் கம்பியும் தூண்டிலுமாக இரண்டு, வில். பாராசூட் கயிற்றைச் சேர்த்தால் பத்து. இந்தப் பத்தாவது இடத்தில்தான், கயிற்றை விலக்கி, கொழுப்பும் உலர்ந்த இறைச்சியும் சேர்த்துப் பிடித்த பெம்மிக்கன் போன்ற உணவுப் பண்டத்தை வைக்கலாமே என்ற சபலம் எழும். கணக்குப் பார்த்தால் சபலம் அடங்கும். ஒரு கிலோ பெம்மிக்கன் ஏறத்தாழ 6,000 கலோரி தரும். குளிரில் உழைக்கும் உடலுக்கு அது இரண்டு நாள் செலவு. உடம்பிலுள்ள ஒரு கிலோ கொழுப்போ சுமார் 7,700 கலோரி. புறப்படுமுன் 10 கிலோ எடை கூட்டிக்கொண்டவர், விதிகள் எண்ணாத ஏறக்குறைய ஒரு மாத ஆகாரத்தைத் தம்மேல் சுமந்து செல்கிறார். போட்டியாளர்கள் பலர் மாதக்கணக்கில் உண்டு பருத்துப் போவதன் காரணம் இதுவே. உடல் அளவுக்கு மீறி மெலிந்தவரை, அவர் மறுத்தாலும் மருத்துவர்கள் வெளியேற்றிவிடுவார்கள்.

கடைசிப் படி ஒத்திகை. தேர்ந்த பத்துடன் சில இரவுகள் வெளியில் தங்கிப் பாருங்கள். எந்தப் பொருளை ஒருமுறைகூடத் தொடவில்லையோ அதன்மேல் சந்தேகப்படுங்கள். ஆனால் இதற்காக நம் மலைகளுக்குள் புக வேண்டாம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு முயலுக்குக் கண்ணி வைப்பதும் குற்றம். தெரிந்தவர் தோப்பொன்றில் உத்தரவு பெற்று, ஐப்பசி அடைமழையில் இரண்டு இரவு கோலைச் சுரண்டி நெருப்பு மூட்டிப் பழகுங்கள்; அங்கே பற்றவைக்கத் தெரியாதவர் கனடாவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டாம்.