கணிப்பொறியில் ஒலிப்பதிவு: குறைகளும் தீர்வுகளும்

மதுரைக்கு வடமேற்கே, சமயநல்லூருக்கு அருகில் உள்ள ஊர் பரவை. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா 2020 மார்ச் 29ஆம் நாள் மறைந்தார். 2003இல் வெளிவந்த ‘தூள்’ திரைப்படம் அவர் குரலைத் தமிழகம் எங்கும் கொண்டு சென்றது. இன்று அக்குரலைக் கேட்க விரும்புவோருக்கு ஒலிப்பதிவுகளே துணை.

நம் இல்லங்களிலும் தோத்திரங்களையும் தாலாட்டுகளையும் ஏடு பாராது பாடவல்ல பெரியோர் உளர். அவர்தம் குரலைக் கணிப்பொறியில் பதிவு செய்ய இளைஞர் பலர் முன்வருகின்றனர். பதிவு முடிந்தபின் கேட்டால் இரைச்சல் மிகுந்திருக்கும். அல்லது குரலே இராது. முதியவரை மீண்டும் பாடச் சொல்வது எளிதன்று. ஆகவே குறைகளை முன்னரே களையும் முறைகளை இப்பாடத்தில் காண்போம்.

வயலுக்கு நீர் வரவில்லை எனில், மடையிலிருந்து வாய்க்கால் நெடுகப் பார்த்துக்கொண்டே வருவோம் அல்லவா? ஒலிக்கும் அதுவே முறை. குரல், அறை, மைக், கம்பி, கணிப்பொறியின் அமைப்பு, மென்பொருள் என்னும் வரிசையில் ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் குறை எங்கிருந்தது என்பது புலப்படாது.

1. ஒலியே பதிவாகவில்லை

மைக்கில் உள்ள பொத்தான் அணைந்திருக்கிறதா என முதலில் காண்க. அடுத்து, பதிவு மென்பொருளில் எந்த மைக் தேர்வாகி உள்ளது என நோக்குக. வெளி மைக்கைச் செருகியிருந்தும் மடிக்கணினியின் உள் மைக்கே தேர்வாகி இருப்பது வழக்கம். விண்டோஸ் 10 முதலான பதிப்புகளில் ‘பிரைவசி’ பகுதியில் மைக்கிற்கு அனுமதி தரப்படாவிடில் எம்மென்பொருளும் ஒலியைப் பெறாது.

2. ‘உம்’ என்னும் ரீங்காரம்

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அவ்வலைவே பெரும்பாலும் இவ்வாறு கேட்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் காரணம் மின்இணைப்பே. சார்ஜரின்றியே பதிவு செய்க. அல்லது நில இணைப்பு உள்ள வேறொரு பிளக்கில் இணைக்க. மைக் கம்பியை மின்கம்பியோடு ஒட்டி ஓடவிடல் ஆகாது.

3. எதிரொலியும் இரைச்சலும்

சமணர் மலையின் செட்டிப்புடவில் நின்று பேசினால் பாறை ஒலியைத் திருப்பி அனுப்பும். சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் உள்ள வெற்றறையும் அத்தகையதே. பாய் விரித்து, சுவர் ஓரம் கம்பளமோ கனத்த துணியோ தொங்கவிட்டால் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துதல் இன்றியமையாதது. மதுரை வெயிலில் அது துன்பமாதலின், விடியற்காலையில் பதிவு செய்தல் நன்று.

4. குரல் மெலிதாகவோ கரகரப்பாகவோ உள்ளது

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைக்க. நேர் எதிரே வைத்தால் ‘ப’கரம் வெடித்து ஒலிக்கும். தொலைவைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். அறை இரைச்சல் உயராது. உரத்த இடங்களிலும் அளவுமானி மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலியலையின் முகடு வெட்டுண்டு போகும். மெலிந்த குரலைப் பின்னர் உயர்த்தலாம். வெட்டுண்டதை முழுமையாக மீட்க இயலாது.

5. சுருதி மறைகிறது

குரல் தெளிவாக இருக்கும். சுருதிப்பெட்டியின் ஒலி மட்டும் தேய்ந்து மறையும். இரைச்சலை நீக்கும் அமைப்பு, மாறாது ஒலிக்கும் சுருதியையும் இரைச்சல் எனக் கருதி அகற்றுவதே காரணம். பாடலைப் பதியும்போது அவ்வமைப்பை நிறுத்திவிடுக.

6. விட்டுவிட்டுக் கேட்கிறது, வேகம் மாறுகிறது

வேறு மென்பொருள்கள் இயங்கினால் அவற்றை மூடுக. பதிவு மென்பொருளில் ‘பஃபர்’ அளவைக் கூட்டுக. வேகம் மாறுவது மாதிரி எண்ணிக்கைப் பிழையால் நிகழும். நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்ததை 44,100 எனக் கொண்டு ஒலித்தால், பாடல் ஏறத்தாழ 8 விழுக்காடு மெதுவாகும்; சுருதியும் தாழும். எல்லா இடத்திலும் ஒரே எண்ணைத் தேர்க.

7. பழைய ஒலிநாடாவை மாற்றும்போது

டேப்ரிகார்டரிலிருந்து வரும் மின்னலை மைக்கின் அலையினும் மிக வலியது. அதனை மைக் துளையில் செருகினால் கரகரப்பே மிஞ்சும். ‘லைன் இன்’ துளையைப் பயன்படுத்துக. அது இல்லாத மடிக்கணினிக்கு, ‘லைன்’ உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஒலிக்கருவியை இணைக்கலாம்.

பெரியவரை அமர்த்துமுன் வேறொருவரைப் பேசவைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து, காதுக்கருவி அணிந்து கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் மேற்கூறிய குறைகளுள் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும். பாடல் முடிந்தபின், மூலப் பதிவைச் சுருக்காமல் ‘வேவ்’ கோப்பாகவே வைத்திடுக. ஒற்றைத் தடத்தில், 44,100 மாதிரி, 16 பிட் அளவில், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 320 மெகாபைட் போதும். இரு வேறு இடங்களில் படியெடுத்து வைத்து, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே குறித்திடுக.

கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். தளர்ந்து வரும் குரலுக்கு மாற்று இல்லை. ஆதலின் பதிவை அடுத்த விடுமுறைக்கு எனத் தள்ளாது, இவ்வாரமே தொடங்குதல் நலம்.