குண்டுமல்லிச் செடியைக் கவாத்து செய்தல்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரைக் கிராமங்களில் நல்ல தண்ணீர் ஊறும் நிலம் அருமையானது. கடலாடி வட்டத்து மாரியூரில் கோயில் கொண்ட இறைவனுக்குப் பூவேந்தியநாதர் என்று திருநாமம். ஆயினும் அவ்வூரையும் வாலிநோக்கத்தையும் அடுத்த கரையில் உப்பளங்களே பரந்து கிடக்கின்றன. இத்தகைய பிரதேசத்தில் உவரில்லாத கிணறும் சில சென்டு மணற்பாங்கான பூமியும் உடைய குடியானவர், அந்தச் சிறு நிலத்திலிருந்தே கூடியமட்டும் வருமானம் தேடவேண்டியவராயிருக்கிறார். அதற்கு ஏற்ற செடிகளுள் குண்டுமல்லி முக்கியமானது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தின் மணல் நிலங்களில் உண்டாக்கப்படும் மல்லிகை நாற்றுக்கள் வெளி ஜில்லாக்களுக்கும் செல்கின்றன. 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்கும் நாற்று அங்கிருந்து போவதுண்டு.

ஆனால், எருவும் நீரும் குறைவின்றி இட்டும் பூ குறைந்துவருகிறதென்று வருந்துவோர் பலர். வருஷம் ஒருமுறை செய்யவேண்டிய கவாத்தை விட்டுவிடுவது இதற்கு ஒரு பெருங்காரணம். வளர்ந்த செடியை வெட்டினால் பட்டுப்போய்விடும் என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. அந்த அச்சத்திற்கு ஆதாரமில்லை.

வெட்டுவதன் பயன்

குண்டுமல்லி, புதிதாய்க் கிளைத்த தளிர்களின் நுனியிலேயே அரும்பு கட்டும். முதிர்ந்த தண்டு தானே பூப்பதில்லை. பூக்கும் தளிரைத் தாங்கி நிற்பதே அதன் வேலை. நுனியை வெட்டியதும், கணுக்களில் உறங்கிக் கிடந்த மொட்டுக்கள் விழித்துப் பல தளிர்களாகக் கிளம்பும். தளிர் மிகுந்தால் அரும்பும் மிகும். குளிர் தேசங்களில் தண்டின் அழகுக்காகவே வளர்க்கப்படும் கார்னஸ் என்னும் செடியையும் பனிக்காலம் கழிந்ததும் அடியோடு வெட்டிவிடுகிறார்கள். இளந்தண்டுகளில்தான் சிவப்பு நிறம் நன்றாய்ப் பிடிக்கும் என்பதே காரணம். அங்கே நிறத்திற்காகச் செய்வதை நாம் இங்கே மலருக்காகச் செய்கிறோம்.

காலமும் முறையும்

நவம்பர் மாதக் கடைசி வாரம், அதாவது கார்த்திகை மாதம், இதற்குத் தக்க காலம். மழை பெய்யும் நாளில் வெட்டலாகாது; வெட்டுவாயில் ஈரம் தங்கினால் பூசணம் பற்றும். ஆகையால் மழை சற்று ஓய்ந்த நாளாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

1. தரையிலிருந்து சுமார் 20 அங்குல உயரம் விட்டு, செடி முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டவேண்டும்.

2. காய்ந்த குச்சிகள், நோய் கண்ட கிளைகள், ஒன்றோடொன்று பின்னி வளர்ந்த மெல்லிய கொடிகள் ஆகியவற்றை அடியோடு களையவேண்டும். செடியின் நடுவில் வெளிச்சமும் காற்றும் புகவேண்டும்.

3. கத்தரிக்கோல் கூர்மையாயிருத்தல் அவசியம். மழுங்கிய அரிவாளால் வெட்டினால் தண்டு பிளந்துபோகும்.

4. தடித்த தண்டுகளின் வெட்டுவாயில் போர்டோ பசை தடவவேண்டும். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் ஆகியவற்றை மண்பாத்திரங்களில் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்துப் பின் ஒன்றாய்க் கலந்தால் பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் உதவாது.

எருவிடுதல்

வெட்டிய செடிக்கு ஆகாரம் கொடாதிருப்பது, உழுத மாட்டுக்குத் தீனி வையாததற்கு ஒப்பாகும். செடியைச் சுற்றி மண்ணைக் கொத்தி, நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ இடவேண்டும். அத்துடன் செடி ஒன்றுக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் இட்டு மண்ணால் மூடி நீர் பாய்ச்சவேண்டும். இதே அளவு இரசாயன எருவை ஆனி, ஆடியில் மறுமுறையும் இடவேண்டும். மணல் நிலத்தில் எரு விரைவில் அடியில் இறங்கிவிடுமாதலால், ஒரு வருஷத்திற்குரியதை ஒரேயடியாக இடுவது வீண் செலவாகும்.

வெட்டிய தண்டுகள்

நோயுற்றவற்றைத் தோட்டத்திற்கு வெளியே கொளுத்திவிடவேண்டும். ஆரோக்கியமான தண்டுகளை மூன்று, நான்கு கணுக்களுள்ள துண்டுகளாக நறுக்கி, நிழலில் ஈரமணலில் நட்டு நாற்றாக்கிக்கொள்ளலாம். பட்டுப்போன இடங்களை நிரப்ப இவை உதவும்.

முடிவாக ஒரு வார்த்தை. கவாத்து செய்த சில வாரங்கள் தோட்டம் மொட்டையாய்த் தோன்றும். அதைக் கண்டு மனம் தளரலாகாது. பங்குனி பிறக்கையில் புதுத்தளிர்கள் அரும்பு காட்டும். இன்னும் துணிவு பிறவாதவர்கள் இவ்வருஷம் இரண்டு வரிசைகளை மட்டும் வெட்டி, வெட்டாத வரிசைகளோடு பூவை நிறுத்துப் பார்க்கலாம். கிராம உத்தியோகஸ்தர்களும் தங்கள் ஊரில் ஒருவரையேனும் இவ்வாறு செய்யத் தூண்டுவார்களாயின், மற்றையோர் கண்ணால் கண்டு பின்பற்றுவர்.