விரிசல் விழுந்தால் என்ன ஆகும்?

கேள்வி: ராக்கெட்டின் திட எரிபொருள் பட்டாசு மருந்து போலத் தூளாக இருக்குமா? அதில் விரிசல் விழுந்தால் ஆபத்து என்கிறார்களே, ஏன்?

பதில்: தூள் அல்ல, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் போலிருக்கும். அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் எச்.டி.பி.பி. என்ற ரப்பர் பிசினில் பிசைந்து, மோட்டார் கூட்டுக்குள் வார்த்து, மிதமான சூட்டில் இறுக வைக்கிறார்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் மட்டும் இது சுமார் 138 டன். இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும்!

இது மேற்பரப்பில் மட்டுமே எரியும். விரிசல் விட்டால் எரியும் பரப்பு கூடும், வாயு பெருகும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடும். கடைசியில் கூடே வெடிக்கலாம்.

அதனால் ஆய்வுக்கூடத்தில் எரியும் வேகத்தையும், விரிசல் விடாமல் நீளும் திறனையும் சோதிக்கிறார்கள். குச்சி போன்ற மாதிரியை அழுத்தக் கலனில் எரித்து, நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் எரிகிறது என்று அளக்கிறார்கள். இன்னொரு துண்டை இழுத்து, எவ்வளவு நீண்டு அறுகிறது என்று பார்க்கிறார்கள். குளிரில் விறைப்பதும், நாள்பட்டால் தன்மை மாறுவதும் கணக்கில் வரும். வார்த்த மோட்டாரை எக்ஸ்ரேயும் எடுப்பதுண்டு.

திரவ என்ஜினைப் போல இதை நடுவில் அணைக்க முடியாது. எனவே எல்லாச் சோதனையும் பற்றவைப்பதற்கு முன்பே முடிந்தாக வேண்டும்.