வாக்குப் பெட்டி இல்லாத காலத்துப் பிரதிநிதி

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சட்டநிரூபண சபையில் இருந்த தமிழர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்களில் முக்கியமானவர் யார்?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: யாரும் வாக்களிக்கவில்லை, ஆளுநரே நியமித்தார். கோல்புறூக் சீர்திருத்தத்தால் 1833இல் உருவான சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேர். மூன்று இடம் ஐரோப்பியருக்கு. சிங்களவர், தமிழர், பறங்கியருக்குத் தலா ஒன்று. முதல் தமிழ் உறுப்பினர் பருத்தித்துறைப் பகுதியின் கெருடாவிலைப் பூர்வீகமாகக் கொண்ட ஆ. குமாரசுவாமி முதலியார்.

என் தெரிவு அவருடைய மகன் சேர் முத்து குமாரசுவாமி. கொழும்பிலே வளர்ந்து, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானவர். அங்கே அப்படித் தேறிய முதல் இந்து. 1860களின் தொடக்கம் முதல் சபையில் இருந்தார். சைவராக இருந்தும் பாளி மொழிப் பௌத்த நூலான சுத்தநிபாதத்தை 1874இல் ஆங்கிலத்தில் தந்தார். அரிச்சந்திரன் கதையையும் ஆங்கில நாடகமாக்கினார். சேர் பட்டமும் 1874இலேயே கிடைத்தது. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இவர் மகன்.

1879இல் இவர் மறைய, அதே ஆசனம் சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதனுக்குப் போனது. தகப்பன், மகன், மருமகன் என ஆசனம் ஒரே குடும்பத்தைச் சுற்றியது. அறிவுக்குக் குறைவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அதில் பேச்சே இருக்கவில்லை. அதை மறந்து அக்காலத்தைப் பொற்காலம் என்பது சரியல்ல.