சரக்கு கப்பலேறும் முன்பே தீர்மானிக்க வேண்டியவை

ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் பழக்கூழ் ஆலைகளுக்குக் கிளிமூக்கு மாம்பழம் வண்டி வண்டியாக வந்து இறங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தோத்தாபுரி என்றும் வழங்கப்பெறும் இப்பழத்தின் கூழ், நுண்ணுயிர் நீக்கிய பைகளில் அடைக்கப்பட்டு, டிரம்களில் சென்னைத் துறைமுகம் வழியாக வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறது. உழவருக்குச் சேர வேண்டிய பழத்தின் விலையும், ஆலை வங்கிக்குத் திருப்ப வேண்டிய பேக்கிங் கிரெடிட் கடனும் அயல்நாட்டு இறக்குமதியாளர் அனுப்பும் பணத்தையே நம்பி நிற்கின்றன. சரக்கைப் பெற்றபின் அவர், “இனிப்பின் அளவு குறைவு, நிறமும் மாறிவிட்டது, பாதி விலைதான் தருவோம்” என்று எழுதினால் ஆலை என்ன செய்ய இயலும்? இதற்கான விடை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தரத்தை எழுத்தில் நிறுத்துதல்

‘நல்ல தரமான கூழ்’ என்னும் சொல் வழக்கில் உதவாது. குறைந்தபட்ச பிரிக்ஸ் அளவு, அதனைச் சோதிக்கும் ஆய்வகம், சோதனை ஏற்றுமிடத்திலா இறக்குமிடத்திலா, குறை கூறுவதற்கான கால வரம்பு, இரு தரப்பும் முத்திரையிட்டு வைக்கும் மாதிரி ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

வங்கி காண்பது ஆவணங்களையே

லெட்டர் ஆஃப் கிரெடிட் எனப்படும் கடன் உறுதிக் கடிதம், 2007 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள யு.சி.பி. 600 விதிகளுக்கு உட்படுவதே வழக்கம். அவ்விதிகளின்படி வங்கிகள் சரக்கைப் பார்ப்பதில்லை. ஆவணங்களை மட்டுமே ஆராய்கின்றன. ஆவணங்கள் பொருந்தியிருந்தால், தரம் பற்றிய புகாரைக் காட்டி வங்கி பணத்தை நிறுத்த இயலாது. ஆனால் கடிதத்தில் ‘தோத்தாபுரி மாம்பழக் கூழ்’ என்றிருக்க, விலைப்பட்டியலில் ‘மாம்பழக் கூழ்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்களே உண்டு.

எந்தச் சட்டம், எந்த மன்றம்?

பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த 1980ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை ஒப்பந்தமே கூற வேண்டும். நம் நீதிமன்றத் தீர்ப்பு எல்லா நாடுகளிலும் நேரடியாக நிறைவேற்றப்படுவதில்லை. நடுவர் தீர்ப்புக்கோ 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை துணை நிற்கிறது. இந்தியா உள்ளிட்ட 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றுள்ளன. எனவே நடுவர் மன்றம் அமையும் நகரம், நடுவர்களின் எண்ணிக்கை, விசாரணை மொழி ஆகியவற்றைக் குறிப்பிடும் விதி ஒப்பந்தத்தில் இருத்தல் நலம். சிறிய ஆலைக்குத் தொலைதூர நகரின் செலவு தாங்காது என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கது.

காப்பீட்டின் எல்லை

1957இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி., வாங்குபவர் நொடித்துப்போதல், பணம் செலுத்தாமை போன்ற இடர்களை ஏற்கிறது. தரம் குறித்து வாங்குபவர் தகராறு எழுப்பினாலோ, அவர் நாட்டு நீதிமன்றத்தில் ஏற்றுமதியாளர் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றாலன்றி, பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. காப்பீடு இருக்கிறதே என்று ஒப்பந்தத்தை மேலோட்டமாக எழுதலாகாது என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒப்பந்த வரைவையும் கடன் உறுதிக் கடிதத்தின் நகலையும் சரக்கு ஆலையை விட்டுப் புறப்படும் முன்பே நம் அந்நியச் செலாவணிக் கிளையிலும், தேவையெனில் வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். கடிதத்தில் பொருந்தாத நிபந்தனை இருப்பின் திருத்தம் கோர அப்போதுதான் காலம் இருக்கும்.