ஒப்பிட்டுத் தெளிதல்

துறைமுகத்தை அடுத்து, வீடுகள் நெருங்கி அமைந்த பகுதி வடசென்னை இராயபுரம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் சென்னையிற் பரவியபோது, அம்மண்டலம் பெரிதும் துன்புற்றது. மூச்சுத் திணறி வந்தோர்க்கு அண்மையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை புகலிடமாயிற்று. நோய் புதிது, ஆதலின், அதனைத் தீர்க்கும் மருந்து இன்னதென்று துணிந்து கூறவல்லார் எவரும் இலர்.

நோயினின்று மீண்டவரின் குருதிநீராகிய பிளாஸ்மாவைச் செலுத்தினால் நோயாளி பிழைப்பார் என்று பலரும் நம்பினர். அதனைப் பெற்றோருட் பலர் நலமுற்றனர். பெறாதோருள்ளும் பலர் நலமுற்றனர் அல்லரோ? உண்மை காண்பது எங்ஙனம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 39 மருத்துவமனைகளில் 464 நோயாளரை அவர்தம் இசைவு பெற்று ஆராய்ந்தது. வலியார் ஒருபுறமும் மெலியார் மறுபுறமும் சேராவண்ணம், திருவுளச்சீட்டு இடுவதுபோல அவர்களை இரு கூறாக்கிற்று. 235 பேர் வழக்கமான மருத்துவத்துடன் பிளாஸ்மாவும் பெற்றனர். 229 பேர் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றனர். 28 நாள்களில் முன்னவருள் 34 பேரும், பின்னவருள் 31 பேரும் இறந்தனர். பிளாஸ்மா உயிர்காக்க உதவவில்லை என்பது புலனாயிற்று.

பிரித்தானியாவில், டெக்சாமெத்தசோன் என்னும் விலை மலிந்த பழைய மருந்தை இம்முறையிலேயே ஆராய்ந்தனர். செயற்கை மூச்சுக் கருவி பொருத்தப்பெற்றோருள், அம்மருந்தைப் பெறாதவர் நூற்றுக்கு 41 பேர் இறந்தனர். பெற்றவருள் இறந்தோர் 29 பேரே. ஆக்சிசன் வேண்டாத நோயாளர்க்கோ அதனால் நன்மை விளையவில்லை.

நம்பிக்கை மருந்தைத் தேடத் தூண்டும். அதன் திறத்தை ஒப்பிட்டு அறியும் ஆராய்ச்சியே காட்டும்.